மண்ணில் பழகும் கவனம்: ஜொகூர்த் தமிழர் வாழ்விலிருந்து ஓர் ஆய்வு

ஜொகூர் பாருவில் பல குடும்பங்களுக்குப் பொழுது விடிவது அதிகாலை நான்கு மணிக்கே. சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள் மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் கிளம்பி, 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தை நோக்கி விரைகிறார்கள். அந்தப் பாலத்தின் வழியாகவும் துவாஸ் இரண்டாவது பாலத்தின் வழியாகவும் நாளொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடக்கிறார்கள். உடல் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே மனம் குடிநுழைவு வரிசைக்கும், கடிகாரத்துக்கும், மேலாளரின் முகத்துக்கும் போய்விடுகிறது. மாலையில் திரும்பும்போதும் அப்படித்தான்: உடல் வீட்டில், மனம் நாளைய வரிசையில். இருக்கிற இடத்தில் மனத்தை இருத்தப் பழகுவது எப்படி என்ற கேள்வி இவர்களுக்கு மிக நெருக்கமானது. செடி வளர்ப்பதும் சுற்றியுள்ள இயற்கையை உற்றுப் பார்ப்பதும் அதற்கு எவ்வளவு தூரம் உதவும், எங்கே உதவாது, அதற்கு முதலில் என்ன வேண்டும் என்பதையே இந்தக் கட்டுரை ஆராய்கிறது.

இருக்கிற இடத்தில் மனத்தை இருத்தும் மனவிழிப்புப் பயிற்சி, இன்று மருத்துவமனைகளிலும் நிறுவனங்களிலும் பேசப்படும் வடிவில், 1979-இல் தொடங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-சின், நாட்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களுக்காகப் பயிற்சி ஒன்றை வடிவமைத்தார். அதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. பௌத்த மரபு மூச்சைக் கவனிப்பதோடு நிற்கவில்லை. நடப்பதையும் உண்பதையும் உடுத்துவதையும் கவனிக்கச் சொன்னது. துறவிமடங்களில் பெருக்குவதும் கொத்துவதும் நீர் ஊற்றுவதும் பயிற்சியின் பகுதிகளாயின. ஆனால் நகரத்து வகுப்புகளில் அது பெரும்பாலும் ஒரே காட்சியாகச் சுருங்கிவிட்டது: கண்ணை மூடி, அசையாமல் உட்கார்ந்து, மூச்சைப் பார்ப்பது. அது பலருக்கு நல்லதுதான். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவருக்குக் கண்ணை மூடினால் தூக்கம் வரும். அண்மையில் இழப்பைச் சந்தித்தவருக்குக் கண்ணை மூடினால் அந்த இழப்பு மட்டுமே தெரியும். அவர்களுக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளும் வழி தேவை.

ஜப்பானிய மனநல மருத்துவர் ஷோமா மொரிடா இதை நூறாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார். 1919-ஐ ஒட்டி அவர் உருவாக்கிய சிகிச்சையில், பதற்ற நோயாளி முதலில் சில நாள் முழு ஓய்வில் படுத்திருப்பார். பிறகு மெல்ல வெளியே வந்து மரஞ்செடிகளைப் பார்ப்பார், இலை பொறுக்குவார், களை எடுப்பார், நாட்குறிப்பு எழுதுவார். அடுத்து கடினமான உடலுழைப்பு. கடைசியில் அன்றாட வாழ்க்கை. பதற்றத்தோடு சண்டை போடாதே, கையிலிருக்கும் வேலையைச் செய் என்பதே அதன் சாரம். தோட்டவேலையை மனத்துக்கான பயிற்சியாக ஒரு மருத்துவர் முறையாகக் கையாண்ட தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் இதைத் தயங்காமல் வைக்கலாம்.

ஆய்வுகள் பின்னால் வந்தன. மாத்யூ கில்லிங்ஸ்வர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 2250 பேரிடம் கைப்பேசி வழியாக அவ்வப்போது 'இப்போது என்ன செய்கிறீர்கள், எதைப் பற்றி நினைக்கிறீர்கள்' என்று கேட்கப்பட்டது. ஏறத்தாழ 47 விழுக்காட்டு நேரம் மனம் செய்யும் வேலையில் இல்லை. அப்படி அலையும் நேரங்களில் மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. அலையும் மனத்தை எது திருப்பிக் கொண்டுவரும் என்பதற்கு ரேச்சல், ஸ்டீபன் கப்லான் இணையர் 1989-இல் வெளியான தங்கள் நூலில் ஒரு விளக்கம் தந்தனர். கணக்குப் பார்ப்பதும் வண்டி ஓட்டுவதும் முயன்று செலுத்தும் கவனத்தைக் கேட்கின்றன. அது களைத்துப் போகிறது. இலை அசைவதும் மேகம் நகர்வதும் கவனத்தை வற்புறுத்தாமல் ஈர்க்கின்றன. அந்நேரத்தில் களைத்துப்போன கவனம் ஓய்வெடுத்து மீள்கிறது. ரோஜர் உல்ரிக் 1984-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இன்னும் எளிமையானது. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்தவர்கள் செங்கல் சுவரை மட்டுமே பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு வலுவான வலிநிவாரணியும் குறைவாகத் தேவைப்பட்டது.

செடி வளர்ப்பை நேரடியாகச் சோதித்தவர்களும் உண்டு. நெதர்லாந்தில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் முப்பது தோட்டக்காரர்களுக்கு மனத்தை நெருக்கும் பணி ஒன்று தரப்பட்டது. பின்னர் பாதிப்பேர் அரைமணி நேரம் தோட்டத்தில் வேலை செய்தார்கள். மற்றவர்கள் உள்ளே அமர்ந்து படித்தார்கள். நெருக்கடியைக் காட்டும் கார்டிசால் சுரப்பு இரு பிரிவினருக்கும் குறைந்தது; தோட்டத்தில் நின்றவர்களுக்கு அது கூடுதலாகக் குறைந்தது, மனநிலையும் பழையபடி மீண்டது. அமெரிக்காவின் டென்வர் நகரில் 291 பேரை வைத்துச் செய்து 2023-இல் வெளியான சோதனையில், சமூகத் தோட்டத்தில் இடம் கிடைத்தவர்கள் நார்ச்சத்து கூடுதலாக உண்டார்கள், உடலசைவு கூடியது, மனவுளைச்சலும் பதற்றமும் குறைந்தன. நம் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், 59 முதியவர்களை வைத்து நடந்து 2018-இல் வெளியான சோதனையில், தோட்டவேலையில் ஈடுபட்டவர்களின் இரத்தத்தில் உடல் அழற்சியைக் காட்டும் இண்டர்லூக்கின்-6 குறைந்திருந்தது. நம்மைப் போன்ற ஈரவெப்பத்தில், நம்மைப் போன்ற மக்களிடம் செய்யப்பட்டது என்பதால் எனக்கு இது மற்றவற்றைவிட முக்கியமாகப் படுகிறது.

இவற்றை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பது பேரும் ஐம்பத்தொன்பது பேரும் சிறிய எண்ணிக்கைகள். தோட்டத்தை விரும்புகிறவர்களே இத்தகைய ஆய்வுகளுக்கு முன்வருகிறார்கள். வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கையில் கழித்தால் உடல்நலம் கூடும் என்ற செய்தி 2019-க்குப் பிறகு எங்கும் பரவியது. இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேரின் வாக்குமூலத்தை வைத்துக் கண்ட தொடர்பு அது. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்கள் என்றும் அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. மண்ணிலுள்ள ஒரு நுண்ணுயிரி மகிழ்ச்சி தருகிறது என்ற பேச்சு எலிச் சோதனைகளிலிருந்து வந்தது. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் மனவிழிப்புப் பயிற்சியைச் சோதித்து 2022-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, வழக்கமான பாடத்தைவிட அது மேலான பலன் தரவில்லை என்றே முடித்தது. வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தால் கவனம் வந்துவிடாது என்பதை அது உணர்த்துகிறது. இவ்வளவையும் கழித்த பிறகும் மிஞ்சுவது குறைவல்ல: செடிகளோடு செலவழிக்கும் பொழுது பெரும்பாலோருக்கு மனநெருக்கடியைத் தணிக்கிறது, கெடுதல் மிகக் குறைவு, செலவும் குறைவு.

நம் மக்களுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. ஜொகூர்த் தமிழர்களின் வரலாறே செடிமரங்களோடு கழிந்த வரலாறு. குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய், சிகாமட், லாபிஸ் என்று எந்த ஊரைச் சொன்னாலும் பின்னணியில் ஒரு ரப்பர்த் தோட்டம் இருக்கும். பால்மரம் சீவுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் தளர்ந்து பால் குறையும். ஆகையால் இருட்டோடு தொடங்க வேண்டும். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் சரிவாகப் பட்டையைச் சீவ வேண்டும், ஏனென்றால் பால்குழாய்கள் மரத்துக்குள் சற்றுச் சாய்ந்து ஓடுகின்றன. சீவல் மெல்லிய தோல்போல் இருக்க வேண்டும். உளி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்குச் சீவ வரும்போது உளி ஓடாது. இப்படி ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள். நெற்றியில் விளக்கு, காலில் அட்டை, புல்லுக்குள் பாம்பு. கையும் கண்ணும் ஒரே புள்ளியில் நிற்காமல் அந்த வேலை நடக்காது.

அப்படியானால் அது மனவிழிப்பா? இல்லை என்பதே என் முடிவு. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, நிரை பிரித்துக் கொடுத்து, பாலின் எடைக்குக் கூலி பேசி, மரத்தில் காயம் பட்டால் வசவும் கூலிக்குறைப்பும் என்ற ஏற்பாட்டுக்குள் செலுத்தப்பட்ட கவனம் அது. கண் மரத்தில் இருந்தாலும் மனம் கங்காணியின் காலடிச் சத்தத்தில் இருந்தது. இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று அந்தக் காலத்தைப் பாடுவது அந்த உழைப்பாளிகளுக்குச் செய்யும் அநியாயம். பச்சை நிறம் மட்டும் ஒருவரை ஆற்றிவிடாது. பச்சைக்கு நடுவே இருந்தும் நொந்துபோனவர்கள் நம் பாட்டன் பாட்டிகள்.

ஆனால் அதே மனிதர்களுக்கு லயத்துக்குப் பின்னால் இன்னொரு நிலம் இருந்தது. வேலை முடிந்து குளித்துவிட்டுப் போய் நின்ற இடம் அது. நாலு கத்தரி, ஒரு வெண்டைப் பாத்தி, வேலியில் பாகல், சமையலறை வாசலில் கறிவேப்பிலை, தண்ணீர் வழியும் பக்கம் வாழை, முன்னால் துளசி, ஓரத்தில் முருங்கை. மலாய்க்கார அண்டைவீட்டார் தந்த செரைப் புல்லும் பண்டானும் அவற்றோடு சேர்ந்தன. அங்கே யாரும் பெயர் கூப்பிடவில்லை, எடை போடவில்லை. எந்தச் செடிக்கு எப்போது நீர், எந்தக் காயை விதைக்கு விடுவது என்று முடிவு செய்தவர் அந்த வீட்டுப் பெண். பகலில் தோட்டத்துக்குக் கொடுத்த அதே கண்ணும் அதே கையும் இங்கே அவருக்குச் சொந்தமாயின. கவனம் நம்முடையதாக இருக்கும்போதுதான் அது மனத்தை ஆற்றும். அப்படி இருப்பதற்குக் கொஞ்சம் மண்ணும் கொஞ்சம் பொழுதும் நம் கையில் இருக்க வேண்டும். மனவிழிப்பைப் பற்றிப் பேசும் நூல்கள் இதை ஏனோ சொல்வதில்லை.

அந்த மண் போய்விட்டது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு தோட்டங்களைத் துண்டாடி வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் விற்றார்கள். 1980-க்கும் 2000-க்கும் இடையே நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்று இலட்சம் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் இடம்பெயர்ந்தனர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. அவர்களில் பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். மின்தூக்கி வேலை செய்யாத நாளில் நாலாவது மாடிக்குத் தண்ணீர்ப் புட்டி சுமப்பவருக்குத் தொட்டிமண் சுமப்பது எளிதல்ல. நடைபாதையில் பூந்தொட்டி வைத்தால் தீயணைப்பு விதி குறுக்கே நிற்கிறது. அதில் நியாயமும் உண்டு. இழந்தது காய்கறி மட்டுமல்ல, நாளின் முடிவில் தன்னிச்சையாக எதையாவது பார்த்துக்கொண்டு நிற்கும் பொழுதும் சேர்ந்தே போனது. அந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை.

உற்றுப் பார்க்கும் பழக்கம் தமிழுக்கு அந்நியமல்ல என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். நிலத்தையும் பொழுதையும் அதில் வாழும் பறவை, விலங்கு, மரத்தையும் வைத்துத்தான் சங்கப் புலவர்கள் மனித மனத்தைப் பேசினார்கள். இருபதாம் நூற்றாண்டில் மா. கிருஷ்ணன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கைக் குறிப்புகள் பெருங்காட்டையும் வீட்டுக் கூரைமேல் இருந்த காகத்தையும் ஒரே மரியாதையோடு நடத்தின. அவருடைய முறை நமக்குப் பொருந்தும். அரிய பறவைக்காகக் காத்திருக்க வேண்டாம். தினம் வருவதைத் தினமும் பார்த்தால் போதும்.

தினம் பார்ப்பதற்கு ஜொகூர் வீடுகளில் கறிவேப்பிலையைவிட நல்ல செடி இல்லை. கொழுந்து விட்ட வாரத்தில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று, பின்சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு, செடியைச் சுற்றிச் சுற்றி வரும். பூவைத் தேடி அல்ல. இலையைக் காலால் தொட்டுச் சோதித்து, சரியான செடிதான் என்று உறுதியானதும் கொழுந்தில் ஒரேயொரு முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். குண்டூசித் தலையளவு மஞ்சள் மணி. சில நாளில் அதிலிருந்து வரும் புழு பறவை எச்சம்போல் பழுப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடக்கும். எச்சம் என்று நினைத்துக் குருவி விட்டுவிடும், நாமும் விட்டுவிடுவோம். தோலுரித்துத் தோலுரித்து ஒரு காலையில் அது பச்சையாகிவிடும். இப்போது எச்ச வேடம் பயன்படாது, இலை வேடம். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவைக்கொம்பு ஒன்று நீண்டு, காட்டமான வாசனையை வீசிவிட்டு உள்ளே போகும். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம் என்பதைப் புத்தகம் இல்லாமலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இந்த இடத்தில் இல்லத்தரசிக்கு ஒரு சிக்கல் வருகிறது. ஐந்து புழுக்கள் சேர்ந்தால் சிறிய தொட்டிச் செடியை ஒரு வாரத்தில் மொட்டையடித்துவிடும். ரசத்துக்கு இலை வேண்டும். நசுக்குவதா, விடுவதா? எனக்குத் தெரிந்த வீடுகளில் இரண்டும் நடக்கிறது. இரண்டு புழுவை விட்டு மற்றவற்றை எடுப்பவர்களும் உண்டு. இன்னொரு செடியைக் கொல்லைப்புறம் நட்டு அதற்கு மாற்றி விடுபவர்களும் உண்டு. முடிவு எதுவானாலும் சரி, அதை எடுக்கிறவர் அந்தச் செடியை அன்று முழுமையாகப் பார்த்திருக்கிறார். பூச்சிமருந்தை எடுத்து அடித்துவிட்டு உள்ளே போகிறவர் எதையும் பார்க்கவில்லை. கூட்டுப்புழு பட்டுநூல் இடுப்புக்கயிற்றில் சாய்ந்து தொங்குவதும், பத்து நாளை ஒட்டி அது கறுத்துச் சிறகு நிறம் தெரிவதும், முட்டையிலிருந்து சிறகு வரை எல்லாமே ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் முடிந்துபோவதும், பிள்ளைகளுக்கு எந்தக் கைப்பேசியும் தராத பொறுமையைத் தரும். இந்தச் செடியை வாசலில் வைத்திருந்தும் இதைப் பார்க்காமல் வளரும் பிள்ளைகளை எண்ணினால் வருத்தமாக இருக்கிறது.

பருவங்கள் இல்லாத நாடு, பார்ப்பதற்கு என்ன மாறப்போகிறது என்று சிலர் கேட்பார்கள். மாறுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. கோத்தா திங்கியும் சிகாமட்டும் வெள்ளத்தை நினைத்துப் பயப்படும் மாதங்கள் அதில் அடக்கம். ஏப்ரலை ஒட்டிப் பிற்பகல் இடி. அதன் பிறகு வரும் மாதங்களில் விடியலுக்கு முன் மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து அறையும் சுமத்ராக் காற்று. பாலத்தில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் அதை நன்றாக அறிவார்கள். குயிலின் கூவல் இருட்டிலேயே தொடங்கும் மாதமும், தேன்சிட்டு வாசல் கம்பியில் கூடு தொங்கவிடும் மாதமும் உண்டு. மலாய்க்காரர்கள் மெர்பா என்று சொல்லும் கொண்டைக்குருவி, ஆள் நடமாட்டத்தைப் பொருட்படுத்தாமல் பூந்தொட்டிக்குள்ளேயே கூடு கட்டுகிறது. தையல்சிட்டு உண்மையிலேயே இலையைத் தைக்கிறது: அலகால் துளையிட்டு நாரைக் கோத்து இழுக்கிறது. மாமரத்தில் முசுட்டெறும்புகள் தம் புழுக்களையே தாடையில் பிடித்து, அவை சுரக்கும் பட்டால் இலைகளை ஒட்டுகின்றன.

பழகும் முறையில் பெரிய நுட்பம் எதுவும் தேவையில்லை. ஒரே இடம், ஏறத்தாழ ஒரே நேரம், கைப்பேசி உள்ளே. நீர் ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பது முக்கியம். செடிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபின் கொடுப்பதும் பழக்கதோஷத்தில் ஊற்றுவதும் ஒன்றல்ல. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செடியின் பெரும்பாலான செய்திகள் அங்கேதான். மனம் அலுவலகத்துக்கு ஓடினால் அதைத் திட்ட வேண்டாம், கண்ணை மறுபடி இலைக்குக் கொண்டுவந்தால் போதும். அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. பார்த்ததை ஒரு வரி எழுதி வைப்பவர்களுக்கு மூன்று மாதத்தில் வேறு கண் வந்துவிடும் என்று நம்புகிறேன். எழுதுவதற்காகவே இன்னொரு முறை பார்ப்போம். பூ எத்தனை, காய் எத்தனை என்று போட்டி போடத் தொடங்கினால் மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். பால் எடை போட்ட தோட்டத்துக் கிராணி நம் மனத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுவார்.

கவனத்துக்கு ஒரு கறாரான பக்கமும் இருக்கிறது. பூந்தொட்டித் தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு பெற ஏழு முதல் பத்து நாள் போதும். காய்ந்த தட்டிலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மலேசியாவில் 2023-இல் மட்டும் ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கிக் காய்ச்சல் கண்டனர். தட்டுகளை வாரம் ஒரு முறை கவிழ்த்து, தேய்த்துக் கழுவாத தோட்டக்காரர் தன் மன அமைதிக்காக அண்டைவீட்டுக் குழந்தையை ஆபத்தில் வைக்கிறார். இன்னொன்று, நம் சமூகம் அதிகம் கேள்விப்படாதது: மெலியோய்டோசிஸ். ஈரமண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி காயத்தின் வழியாகவோ மூச்சின் வழியாகவோ உடலில் புகுந்து உயிரைக் குடிக்கும் நோய் அது; நீரிழிவு உள்ளவர்களையே அதிகம் தாக்குகிறது. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே இன்னும் அதிகம். கையுறை, மூடிய காலணி, காயத்துக்குக் கட்டு, மழை வெள்ளம் வடிந்த கையோடு மண்ணைக் கிளறாமல் இருத்தல் ஆகியவற்றை அம்மா அப்பாவுக்கு வற்புறுத்திச் சொல்லுங்கள். வெறுங்காலோடு மண்ணில் நில்லுங்கள் என்று அறிவுரை தரும் காணொளிகள் நம் நாட்டு மண்ணை அறியாதவை.

வீட்டு வாசலைத் தாண்டினால் ஜொகூரில் பார்ப்பதற்குப் பெரும்செல்வம் இருக்கிறது. ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய், அதற்கு அருகில் குக்குப் தீவு, சுங்கை பூலாய் ஆகிய மூன்று அலையாத்திக் காடுகளும் 2003-இல் உலக முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. வடக்கே எண்டாவ்-ரொம்பின் இருக்கிறது. 1985-86-இல் மலாயா இயற்கைக் கழகம் நடத்திய அறிவியல் பயணம் அந்தக் காட்டின் அருமையை நாட்டுக்கு எடுத்துக்காட்டியது. 1993-இல் அது தேசியப் பூங்காவானது. பார்த்தல் ஒரு காட்டைக் காப்பாற்றியதற்கு நம் மாநிலத்திலேயே இருக்கும் சான்று இது. அங்கே கம்போங் பெத்தாவில் வாழும் ஜக்குன் பழங்குடி மக்கள், எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாமல், காட்டை அறிந்தவர்கள். நம் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்குக் கடைத்தொகுதிகளுக்குப் போவதில் பாதியை இங்கே போகலாம்.

சுங்கை பூலாய் முகத்துவாரத்தில் மெராம்போங் கடற்புல் படுகை இருக்கிறது. கடற்பசுவும் கடற்குதிரையும் அங்கே உண்டு. அதை ஒட்டிய தஞ்சோங் கூப்பாங் மீனவக் கிராமங்களில் 2008-இல் இயற்கைப் பாதுகாப்பு ஆய்வாளர் செரினா ரஹ்மான் துணையோடு கெலாப் அலாமி என்ற அமைப்பு தொடங்கியது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வற்றுநீரில் இறங்கிக் கடற்புல்லை அளந்து, உயிர்களைப் பதிவு செய்து, தாத்தாமார் சொன்ன காற்றையும் நீரோட்டத்தையும் எழுதி வைத்தார்கள். பிற்பாடு செயற்கைத் தீவுகளில் நகர் எழுப்பும் ஃபாரஸ்ட் சிட்டித் திட்டத்துக்காக 2014-இல் அந்தப் பகுதியில் கடல் தூர்க்கப்பட்டபோது, எது அழிகிறது என்பதைப் பெயர் சொல்லிச் சொல்லக் கரையிலேயே ஆட்கள் இருந்தார்கள். அமைதி தேடிப் பார்க்கத் தொடங்குகிறவர், பார்த்ததை இழக்கும்போது அமைதியாக இருக்கமாட்டார். இயற்கையைக் கவனித்தல் மனத்தை மழுங்கடிக்கும் ஓய்வு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மூச்சைக் கவனி என்பது எல்லாப் பயிற்சிகளின் முதல் பாடம். ஆனால் இழுக்கும் காற்றே நஞ்சான நாள்களும் ஜொகூரில் உண்டு. 2013 ஜூனில் புகைமூட்டத்தால் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746-ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் பாசிர் குடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்ட, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள்; அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த நாள்களில் பாசிர் குடாங்கில் மூச்சைக் கவனித்த ஒவ்வொருவரும் ஓர் உண்மையைக் கவனித்தார்கள். அதைச் சகித்துக்கொள்ளப் பழகு என்று சொல்வதற்கு எந்தத் தியான ஆசிரியருக்கும் உரிமை இல்லை.

செடியால் தீராத துன்பமும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு 4.6 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வைக் கண்டது. 2019-இல் அது 2.3 விழுக்காடு. நான்கு ஆண்டுகளில் இரு மடங்கு. வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், சாவைப் பற்றி நினைக்கிற ஒருவரிடம் 'செடி வளர்த்துப் பாருங்கள்' என்று சொல்வது தவறு. அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். 15555 என்ற ஹீல் தொலைபேசிச் சேவையைக் கூப்பிடுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. உதவி கேட்க இனி அஞ்ச வேண்டியதில்லை. சிகிச்சை தொடங்கிய பிறகு செடி துணைக்கு வரட்டும். மொரிடாவும் அந்த வரிசையைத்தான் கடைப்பிடித்தார்.

கடைசியில் கேள்வி மண்ணுக்கே திரும்புகிறது. சிங்கப்பூர் 2005-இலேயே சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்திகளைக் குடிமக்களுக்குக் குறைந்த வாடகைக்குத் தந்து வருகிறது. கோலாலம்பூரின் பங்சாரில் உயரழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே வீணாகக் கிடந்த மேட்டில் 2017-இல் ஒரு சமூகத் தோட்டம் எழுந்தது. ஜொகூரில் மின்கம்பிகளும் வீணாகக் கிடக்கும் மேடுகளும் குறைவா? மாசாயிலும் லார்கினிலும் அடுக்குமாடிகளுக்கு நடுவே புல் முளைத்துக் குப்பை சேரும் நிலத்துண்டுகள் இருக்கின்றன. கோயில்களுக்கு நிலம் இருக்கிறது. நந்தவனமும் தலமரமும் கோயில் மரபுதான், சிமெண்டு போட்டு வாகன நிறுத்தமாக்குவது மரபு அல்ல. மாநிலத்தில் எழுபதை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன; பலவற்றில் திடலோரம் சும்மா கிடக்கிறது. தோட்டத்தில் பிறந்து இன்று நாலாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களுக்கு விதை பிடிக்கவும் பாத்தி கட்டவும் தெரியும். சொன்னால் கேட்க ஆளில்லை. உங்கள் குடியிருப்பின் நிர்வாகக் குழுவிலோ கோயில் செயலவையிலோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ நீங்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு கோரிக்கையை எழுத்தில் வையுங்கள்: ஒரு குழாய், ஒரு வேலி, பத்துப் பாத்திக்கு இடம். பாத்திகளில் பாதியை மூத்தவர்களுக்கு ஒதுக்குங்கள்.